கலங்கல் வானிலிருந்து தெரிவதில்லை

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னைக்காரர்களை ஒரு பழக்கம் தொற்றிக்கொள்ளும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகளின் நீர்மட்டம், இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றைத் தாங்கி நாளிதழின் உள்பக்கத்தில் வரும் சிறு பெட்டிச் செய்தியைத் தேடிப்பிடித்துப் படிப்பார்கள். செம்பரம்பாக்கத்தின் 24 அடியில் 22 அடியைத் தண்ணீர் தொட்டுவிட்டது என்றால், அடையாற்றங்கரையில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் அன்றிரவே ஃபிரிட்ஜை எதன்மேல் ஏற்றி வைப்பது என்று யோசிக்கத் தொடங்குவார்கள். ஆனால், அடையாற்றில் வெள்ளம் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும் தண்ணீரில் ஒரு பங்குதான் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர், மணிமங்கலம் என்று தாம்பரத்தைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் ஏரிகளில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எந்த ஏரியின் கலங்கல் (ஏரி நிரம்பினால் மிகுநீர் வெளியேறும் கல்வரிசை) வழிகிறது என்பதை எந்த நாளிதழும் அச்சிடுவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் செயற்கைக்கோள் இருக்கிறதே என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். ஓரளவுக்கு அது உண்மை. ஆயினும், செயற்கைக்கோள் ஆற்றின் ஓட்டத்தை நேரடியாக அளந்து சொல்கிறது என்ற எண்ணம் பரவலாக இருப்பதால், அது எதை அளக்கிறது, எதைக் கணக்குக்கு விட்டுவிடுகிறது என்பதை அடையாற்று வடிநிலத்தை வைத்தே விளக்குவது நல்லது.

வடிநிலம் என்பது, பெய்யும் மழை எந்த நிலப்பரப்பிலிருந்தெல்லாம் வழிந்து ஓர் ஆற்றை அடைகிறதோ அந்த நிலப்பரப்பு முழுவதும். அடையாற்றுக்கு அது ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர். அதன் கணக்கு, மளிகைக் கடைக்காரரின் பேரேட்டைப் போன்றதுதான். மழை வரவு. ஆவியாதலும் பயிர்களும் மரங்களும் விடும் நீராவியும் ஒரு செலவு. மண்ணுக்குள் இறங்குவது இன்னொரு செலவு. ஏரி குளங்களில் தேங்கி நிற்பது கையிருப்பு. எஞ்சியதுதான் ஆற்றில் ஓடுவது. செயற்கைக்கோள்கள் வரவையும் செலவையும் கையிருப்பையும் அளக்கின்றன. எஞ்சியதைக் கணினி கழித்துச் சொல்கிறது. முன்னவை ஒவ்வொன்றிலும் உள்ள பிழை, கழித்துக் கிடைக்கும் விடையில் வந்து சேரும் என்பது பேரேடு எழுதிய எவருக்கும் தெரியும்.

வரவிலிருந்து தொடங்குவோம். 2014 பிப்ரவரியில் ஏவப்பட்ட ஜிபிஎம் செயற்கைக்கோளையும் அதனோடு சேர்ந்து இயங்கும் மற்றவற்றையும் கொண்டு தயாரிக்கப்படும் மழைத் தரவு, உலகத்தைச் சுமார் 11 கி.மீ. பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மழையளவைத் தருகிறது. 81,155 சதுர கி.மீ. பரப்புள்ள காவிரி வடிநிலத்தில் இத்தகைய கட்டங்கள் அறுநூற்றுக்கும் மேல் விழும். ஒரு கட்டத்தில் கூடியது இன்னொன்றில் குறைந்து, மொத்தத்தில் கணக்கு ஒருவாறு சரியாகிவிடும். அடையாற்றுக்கோ நான்கைந்து கட்டங்களே கிடைக்கும். மீனம்பாக்கத்தில் கொட்டித் தீர்க்கும்போது நுங்கம்பாக்கத்தில் குடை விரிக்கத் தேவையில்லாத நாட்களைப் பார்த்தவர்களுக்கு இதன் போதாமை புரியும். மேலும், இந்தத் தரவின் முதல் வடிவம் கைக்கு வரவே சுமார் 4 மணி நேரம் ஆகும். காவிரியில் அந்த 4 மணி நேரம் பொருட்டில்லை. தாம்பரத்துப் பக்கம் பெய்த மழை சில மணி நேரத்தில் சைதாப்பேட்டைப் பாலத்துக்கு அடியில் ஓடும் அடையாற்றில் அது தாங்காது. ஆகவே, உடனடி எச்சரிக்கைக்குச் சென்னையில் உள்ள டாப்ளர் ரேடாரும் தானியங்கி மழைமானிகளும்தான் நம்பத் தக்கவை; செயற்கைக்கோள் மழைத் தரவின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது.

அடுத்தது நிலம். மண்ணில் இறங்குவது எவ்வளவு, வழிந்தோடுவது எவ்வளவு என்பதைக் கணக்கிட அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறை 1950களில் வகுத்த ஓர் எளிய முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது. நிலத்தின் தன்மைக்கு ஏற்ப 100க்குள் ஓர் எண்ணைக் கொடுப்பார்கள். எண் உயர உயர வழிந்தோடும் பங்கு கூடும். அந்த எண்ணைத் தருவதற்குத்தான் லேண்ட்சாட், சென்டினல்-2 போன்ற செயற்கைக்கோள்களின் படங்கள் பயன்படுகின்றன. எங்கே வயல், எங்கே தரிசு, எங்கே கான்கிரீட் என்பதை அவை 10 முதல் 30 மீட்டர் நுணுக்கத்தில் காட்டுகின்றன. லேண்ட்சாட்டின் பழைய படங்கள் 1972 முதல் உள்ளன. 2008 முதல் அவை எவருக்கும் இலவசம். வேளச்சேரியும் பழைய மகாபலிபுரம் சாலையும் பத்தாண்டுக்குப் பத்தாண்டு எப்படிச் சாம்பல் நிறமாகின என்பதை வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம்.

இந்த முறையில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. வயலும் தோப்புமாக இருந்த ஓர் இடத்துக்கு எண் 70 என்றும், அதே இடம் வீடுகளும் தார்ச்சாலையுமாக மாறியபின் 90 என்றும் கொள்வோம். ஒரே நாளில் 50 மி.மீ. மழை பெய்தால், முன்பு வழிந்தோடியது 6 மி.மீ. மட்டுமே, இப்போது 27 மி.மீ. அதாவது நான்கரை மடங்கு. 200 மி.மீ. பெய்தால், முன்பு 111, இப்போது 170, ஒன்றரை மடங்குதான். 490 மி.மீ. பெய்தால், முன்பு 380, இப்போது 458. வேறுபாடு ஐந்தில் ஒரு பங்கு. மழை பெருகப் பெருக, நிலத்தின் மேல் என்ன கட்டியிருக்கிறோம் என்பது வழிந்தோடும் அளவை மாற்றுவது குறைந்துகொண்டே வருகிறது. மண் ஏற்கெனவே குடித்து நிறைந்துவிட்டால், வயலும் வாகன நிறுத்துமிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்டுதோறும் சாதாரண மழைக்கே தெரு நிரம்புவதற்குக் கான்கிரீட்டைக் குற்றம் சொல்வது நியாயம். பெருமழை நாளின் வெள்ளத்துக்கு அதை மட்டும் சொல்வது கணக்குக்கு ஒவ்வாது. தண்ணீர் எவ்வளவு வேகமாக வந்து சேர்கிறது, வழியில் எது அதை நிறுத்தி வைக்கிறது என்பவைதான் அன்றைக்கு முக்கியமாகின்றன.

மேலே நான் 490 என்ற எண்ணைத் தற்செயலாக எடுக்கவில்லை. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ.; செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. அதற்கு முந்தைய நவம்பர் மாதத்தில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.க்கு மேல் பெய்திருந்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டதும், அது முன்கூட்டியே சிறிது சிறிதாகத் திறக்கப்பட்டிருக்க வேண்டாமா என்ற வாதமும் இன்றுவரை ஓயவில்லை. அந்த வாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. ஒரே ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன்: 29,000 கன அடி ஒரு மணி நேரம் ஓடினால், அது அடையாற்று வடிநிலம் முழுவதிலும் 6 மி.மீ. நீர் வழிந்தோடி வருவதற்குச் சமம். மேற்சொன்ன முறைப்படி அன்று தாம்பரத்துப் பக்கம் வழிந்தோடியிருக்கக்கூடியது 380 மி.மீ.க்குக் குறையாது. நவம்பர் மழையில் மண் முன்பே ஊறிக் கிடந்ததால், உண்மையில் அதைவிட அதிகமாகவே இருந்திருக்கும். அந்தத் தண்ணீர் எந்தெந்த ஏரியில் எவ்வளவு நேரம் நின்று, எப்போது புறப்பட்டு, செம்பரம்பாக்கத்து நீரோடு எந்த மணியில் கலந்தது என்பதுதான் சரியான கேள்வி. அதற்கு விடை தேடும்போது செயற்கைக்கோள் முறை தன் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டுகிறது.

முதலில் பலவீனம். தண்ணீர் எத்திசையில் ஓடும் என்பதைக் கணினி அறிய நிலத்தின் உயரம் தெரிய வேண்டும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடார் மூலம் திரட்டிய உயரத் தரவும், 2005இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 இன் இரட்டைப் படங்களிலிருந்து உருவான உயரத் தரவும் 30 மீட்டர் கட்டங்களில் கிடைக்கின்றன. மென்பொருள் ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி எட்டுத் திக்கிலும் உள்ள எட்டுக் கட்டங்களையும் பார்த்து, சரிவு மிகுந்த பக்கமாகத் தண்ணீரை அனுப்பும். குடகிலும் நீலகிரியிலும் இந்த உத்தி அருமையாக வேலை செய்யும். கடல்மட்டத்துக்கு மேல் சராசரியாக ஆறேழு மீட்டரே உயரமுள்ள சென்னையில், தரவின் பிழையே சில மீட்டர் என்னும்போது, சரிவு எது பிழை எது என்று பிரித்தறிய முடியாது. போதாக்குறைக்கு, ரேடார் பார்ப்பது தரையை அன்று. மொட்டை மாடியையும் மர உச்சியையும். நான்கு மாடிக் குடியிருப்பு வரிசை அதற்கு ஒரு சிறு குன்று. கணினித் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போகும். நிஜத் தண்ணீர் கீழ்த்தள வாகன நிறுத்துமிடத்துக்குள் நேராக இறங்கும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. உயரத் தரவில் நான்கு புறமும் மேடாகவும் நடுவில் பள்ளமாகவும் ஓர் இடம் இருந்தால், தண்ணீர் அங்கே போய் மாட்டிக்கொண்டு கணக்கு நின்றுவிடும் என்பதால், அத்தகைய பள்ளங்களைத் தரவுப் பிழையாகக் கருதி முதலிலேயே நிரப்பிவிடுவது வழக்கம். மலைப்பகுதியில் அவை பெரும்பாலும் பிழைகள்தாம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலோ அவை ஏரிகள். கரை கட்டி நீரைத் தேக்கிய பள்ளத்தை மென்பொருள் பிழை என்று எண்ணித் தூர்த்துவிட்டு, தண்ணீரைக் கரைக்கு மேலே ஓட விடுகிறது. மனை போட்டு விற்றவர்கள் முப்பது ஆண்டுகளில் செய்ததை அது இரண்டு நிமிடத்தில் செய்து முடிக்கிறது. இதைக் கவனிக்காமல் தயாரிக்கப்பட்ட வரைபடங்களில் ஏரிச் சங்கிலி காணாமல் போய், அடையாறு எல்லா மழையையும் உடனே கடலுக்குக் கொண்டு சேர்க்கும் சாதாரண ஆறாக நிற்கும். விமானத்திலிருந்து லேசர் கதிரைப் பாய்ச்சி அளந்த உயரத் தரவில் பிழை சில அங்குலங்கள்தான்; சென்னை போன்ற சமவெளியின் வெள்ளக் கணிப்புக்கு அதுவே அடிப்படையாக இருக்க வேண்டும்.

இனி, பலம். ஏரிகளின் உயரத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாத செயற்கைக்கோள், அவற்றின் பரப்பை மிக நன்றாகச் சொல்லும். பருவமழைக் காலத்தில் மேகம் மூடியிருப்பதால் சாதாரணப் படங்கள் பயன்படா. சென்டினல்-1, நம் நாட்டின் இஓஎஸ்-04 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தையும் இருட்டையும் பொருட்படுத்துவதில்லை. அவை சாய்வாக அனுப்பும் நுண்ணலை, அமைதியான நீர்ப்பரப்பில் பட்டால் கண்ணாடியில் பட்டதுபோல் மறுபக்கம் தெறித்துப் போய்விடும். திரும்பி வருவது ஒன்றும் இராது. எனவே படத்தில் தண்ணீர் கறுப்பாக விழும்.

அத்தகைய படத்தை முதன்முதலாகத் திரையில் திறந்தபோது, செம்பரம்பாக்கத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நேரமாகவில்லை. உப்பும் மிளகும் தூவியதுபோன்ற சாம்பல் பரப்பின் நடுவே அது மையைக் கொட்டியதுபோல் கிடந்தது. கிழக்கே மீனம்பாக்கத்தில் நீளமாக, அளவெடுத்து வெட்டியதுபோன்ற இன்னொரு கறுப்பைக் கண்டு, இப்படி நேர்க்கோட்டில் ஓர் ஏரியா என்று திகைத்தேன். விமான ஓடுபாதை. வழவழப்பான கான்கிரீட்டும் நுண்ணலைக்குத் தண்ணீர்போலத்தான். அந்த விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலமாகக் கட்டப்பட்டிருப்பதால், ஆற்றின் கறுப்பும் ஓடுபாதையின் கறுப்பும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எது நீர், எது தரை என்று மென்பொருள் தடுமாறும். இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. ஆகாயத்தாமரை மூடிய ஏரி கறுக்காது. இலைகள் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். வெள்ளம் நிற்கும் தெருக்கள் கறுப்பதற்குப் பதிலாக முன்னைவிட வெளிறும். ஏனெனில் நீரில் பட்டுத் தெறித்த அலை வீட்டுச் சுவரில் மோதி வந்த வழியே திரும்பிப் போகும். நகரத்துக்குள் தேங்கிய வெள்ளத்தை ரேடார் படத்தில் அளப்பதாகச் சொல்பவரிடம், இதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்பது பொருத்தமான முதல் கேள்வி.

இன்னொரு குறையும் வெளிப்படை: சென்டினல்-1 ஒன்று ஒரே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். டிசம்பர் முதல் தேதி நள்ளிரவின் உச்ச வெள்ளம் அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை. ஆனால், வெள்ளத்தின்போது என்ன நடந்தது என்று பார்ப்பதைவிட, வெள்ளத்துக்கு முந்தைய வாரம் என்ன நிலை என்று பார்ப்பதில்தான் நம் வடிநிலத்துக்குச் செயற்கைக்கோளின் பெரும்பயன் இருக்கிறது என்பது என் முடிவு. மழைக்கு முன் ஏரிகள் பாதி காலியாக இருந்தால், பெய்வதில் கணிசமான பகுதியை அவை வாங்கி வைத்துக்கொள்ளும். நிரம்பியிருந்தால், விழும் ஒவ்வொரு துளியும் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கும், அங்கிருந்து அதற்கடுத்த ஏரிக்கும், கடைசியில் ஆற்றுக்கும் போகும். ஒரே அளவு மழை, அக்டோபரில் ஒரு விளைவையும் டிசம்பரில் வேறொரு விளைவையும் தருவது இதனால்தான். பெரிய ஏரிகளுக்கு இந்த விவரத்தை நீர்வளத் துறை நாள்தோறும் தருகிறது. நூற்றுக்கணக்கான சிற்றேரிகளுக்கும் ஊர் ஏரிகளுக்கும், 12 நாளுக்கு ஒருமுறையேனும் நீர்ப்பரப்பைச் சொல்லக்கூடியது ரேடார் செயற்கைக்கோள் ஒன்றுதான். ஒரு ஹெக்டேர் ஏரிகூட 10 மீட்டர் கட்டங்களில் 100 கட்டங்களாக விழும். அவ்வளவு போதும்.

வேறு சில செயற்கைக்கோள்களின் பெயர்களும் இத்தகைய கட்டுரைகளில் தவறாமல் வருவதால், அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஈர்ப்புவிசையின் மாற்றத்தைக் கொண்டு நிலத்தடி நீரைக் கணித்த கிரேஸ், வடமேற்கு இந்தியா 2002க்கும் 2008க்கும் இடையில் 109 கன கி.மீ. நிலத்தடி நீரை இழந்ததை வெளிப்படுத்தியது. ஆனால் அதன் பார்வை சில நூறு கி.மீ. அகலமானது என்பதால் சென்னை அதற்கு ஒரு புள்ளிகூட அன்று. மண்ணின் ஈரத்தை அளக்கும் ஸ்மாப், மேல் 5 செ.மீ. மண்ணை மட்டுமே, அதுவும் 36 கி.மீ. கட்டத்தில் பார்க்கிறது. 2013இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற இந்திய-பிரெஞ்சு சாரல், தன் பாதைக்கு நேர் கீழே வரும் நீர்நிலைகளின் மட்டத்தை மட்டும் அளந்தது. 2022 டிசம்பரில் சென்ற ஸ்வாட், 100 மீட்டருக்கு மேல் அகலமான ஆறுகளின் மட்டத்தையும் சரிவையும் அளக்க வடிவமைக்கப்பட்டது. அடையாறு முகத்துவாரத்துக்கு அருகில் தவிர மற்ற இடங்களில் அதன் அளவுக்கு எட்டாது, எனினும் செம்பரம்பாக்கம், புழல் போன்ற ஏரிகளின் நீர்மட்டத்தை அது அளக்க முடியும். 2025 ஜூலை 30 அன்று, நமக்கு வடக்கே பழவேற்காட்டைத் தாண்டிய அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நைசார், 24 செ.மீ. நீண்ட அலையையும் பயன்படுத்துவதால் செடிகொடிகளை ஊடுருவி அடியில் நிற்கும் நீரைக் காணும். ஆகாயத்தாமரைச் சிக்கலுக்கு அதனிடம் ஓரளவு தீர்வு கிடைக்கலாம்.

எத்தனை செயற்கைக்கோள்கள் வந்தாலும், கணித்த ஓட்டம் சரியா என்று சோதிக்க ஆற்றில் அளந்த ஓட்டம் ஒன்று வேண்டும். காவிரியில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் நாள்தோறும் அளக்கிறது. இரு மாநிலங்கள் அந்த எண்ணின் மேல் வழக்காடுவதால், அதில் தவறு நேராமல் பார்த்துக்கொள்ள இரு தரப்பிலும் ஆள் உண்டு. வழக்கில்லாத சிற்றாறுகளில் அந்த அக்கறை வருவது அரிது. அப்படிப்பட்ட இடங்களில் வெள்ளம் வடிந்தபின் சுவர்களில் படிந்த சேற்றுத் தடத்தை அளந்து, ஆற்றின் குறுக்குவெட்டையும் சரிவையும் சேர்த்து உச்ச ஓட்டத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுவார்கள். செம்பரம்பாக்கம் போன்ற ஏரிகளில் வேறொரு வழி உண்டு: மதகு வழியே எவ்வளவு போனது, மட்டம் எவ்வளவு ஏறியது என்ற இரண்டிலிருந்து வரத்தைக் கண்டறியலாம்; நாளிதழ்ப் பெட்டியில் வரும் வரத்தும் பெரும்பாலும் இவ்வாறு கணக்கிட்டதே. ஓட்டத்தைக் கணிக்கும் கணினி மாதிரியின் எண்களை இவற்றோடு ஒப்பிட்டு, 1970இல் நாஷ், சட்கிளிஃப் என்னும் இருவர் வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போடுவது வழக்கம். 1 என்றால் முழுப் பொருத்தம். 0 என்றால், இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய மாதிரியும், வெறும் சராசரியை எழுதி வைத்ததும் ஒன்றே என்று பொருள். எதனோடு ஒப்பிட்டீர்கள் என்று சொல்லாத மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை.

கடைசியாகக் கலங்கல். ஏரி எந்த மட்டத்தில் வழியத் தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் அந்தக் கல்வரிசையின் உயரம்தான், பரப்பைக் கொள்ளளவாகவும் கொள்ளளவை ஓட்டமாகவும் மாற்றும் சாவி. ஒரு சதுர கி.மீ. ஏரியின் கலங்கல்மீது யாரோ அரை மீட்டருக்கு மணல் மூட்டை அடுக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீன் குத்தகைக்காகவோ, கோடைக்குக் கூடுதல் தண்ணீர் வேண்டும் என்றோ அடுக்குவது உண்டு. ஏரியில் கூடுதலாக நிற்பது சுமார் 1.77 கோடி கன அடி. மழை வலுத்த இரவில், கீழே உள்ள குடியிருப்புக்குள் தண்ணீர் வருகிறது என்று யாரேனும் அந்த மூட்டைகளைப் பிரித்துவிட்டு, அது ஒரு மணி நேரத்தில் வெளியேறினால், விநாடிக்கு 4,900 கன அடி எங்கிருந்தோ முளைத்து ஆற்றில் சேரும். செயற்கைக்கோளுக்கு நீர்ப்பரப்பு விரிந்திருந்தது தெரியும். கலங்கல் உயர்ந்ததாலா, மழை கூடியதாலா என்பது தெரியாது. அந்த உயரத்தை அறிய, ஒருவர் மட்டக்கோலைத் தூக்கிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டி, முள்ளும் கண்ணாடித் துண்டுகளும் கிடக்கும் ஏரிக்கரையின் மேல் நடந்து கலங்கல்வரை போக வேண்டும். ஒருமுறை அளந்துவிட்டால், அதற்குப்பின் 12 நாளுக்கு ஒருமுறை வானத்தில் கடந்து செல்லும் ரேடார் அந்த ஏரியின் இருப்பைக் கன அடியில் சொல்லத் தொடங்கும். ஆதனூரும் மண்ணிவாக்கமும் முடிச்சூரும் செம்பரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டிச் செய்திக்குள் இடம்பெறலாம்.